மூளையில் மொழிக்கான இடம் பிறப்பிலேயே ஒதுக்கப்பட்டதா?

அறுபது வயதில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து, மூளையின் இடது அரைக்கோளத்தில் உள்ள மொழிப் பகுதிகள் பெருமளவில் சேதமடைந்தால், அவர் பேச்சை இழக்கிறார். பலருக்கு அது முழுமையாகத் திரும்புவதே இல்லை. அதே இடத்தில் அதே போன்ற சேதம் பிறக்கும் தறுவாயில் ஒரு குழந்தைக்கு ஏற்பட்டால், அந்தக் குழந்தை சற்றுத் தாமதமாகவேனும் பேசத் தொடங்கி, பின்னாளில் தன் மொழியை ஏறக்குறைய மற்றப் பிள்ளைகளைப் போலவே கையாள்கிறது. வலது அரைக்கோளத்தில் அதற்கு நேரெதிரே உள்ள பகுதிகள் அந்த வேலையை ஏற்றுக்கொண்டிருப்பதை ஸ்கேன் படங்கள் காட்டுகின்றன. மனம் தனித்தனி மாட்யூல்களால், அதாவது ஒவ்வொரு வேலையையும் தனியாகச் செய்யும் அலகுகளால், ஆனதா என்ற விவாதத்தைப் படிக்கும்போதெல்லாம் நான் வந்து நிற்பது இந்த வேறுபாட்டின் முன்னால்தான்.

1983-இல் தத்துவ அறிஞர் ஜெர்ரி ஃபோடர் இந்தக் கருத்துக்கு ஒரு தெளிவான வடிவம் கொடுத்தார். பார்வை, மொழி போன்ற உள்வாங்கும் அமைப்புகள் ஒவ்வொன்றும் தனக்குரிய தகவலை மட்டும் எடுத்துக்கொண்டு, வேகமாகவும், நம் விருப்பத்தைக் கேளாமலும், மனத்தின் மற்ற அறிவுக்குக் கதவை அடைத்துக்கொண்டும் இயங்குகின்றன என்றார். இதில் ஆழ்ந்த உண்மை இருக்கிறது. நமக்குத் தெரிந்த மொழியில் ஒருவர் பேசினால், அதை வெறும் ஓசையாகக் கேட்க நாம் எவ்வளவு முயன்றாலும் முடிவதில்லை. பொருள் தானாகவே வந்து விழுகிறது. சிந்தனை முழுவதுமே மாட்யூல்களால் ஆனது என்று ஃபோடர் சொல்லவில்லை என்பதையும், பிறர் அவர் பெயரால் அவ்வாறு எழுதுவதால், இங்கே குறிப்பிட வேண்டும்.

வளர்ந்தவர்களின் மூளையைப் பொறுத்தவரை சான்றுகள் வலுவானவை. 1861-இல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா ஆராய்ந்த நோயாளிக்கு ‘டான்’ என்ற ஓரசையைத் தவிர ஏறக்குறைய எதுவும் சொல்ல வரவில்லை. ஆனால் பிறர் பேசுவது அவருக்குப் பெரும்பாலும் புரிந்தது. இலக்கணத்தைக் கடுமையாக இழந்த சில நோயாளிகள் கணக்குகளைச் சரியாகப் போடுவதும் பதிவாகியிருக்கிறது. எனவே வளர்ந்த மூளையில் மொழி ஓரளவு தனித்து நிற்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த முடிவை அப்படியே பின்னோக்கி எடுத்துச்சென்று, குழந்தையும் அந்த மாட்யூலோடுதான் பிறக்கிறது என்று சொல்லும்போதுதான் நான் விலகுகிறேன்.

வாசிப்பை எண்ணிப் பாருங்கள். எழுத்து தோன்றி ஏறத்தாழ 5,000 ஆண்டுகளே ஆகின்றன. அதற்கென ஒரு மூளைப் பகுதியைப் பரிணாமம் செதுக்கித் தர அந்தக் காலம் போதாது. இருந்தும், வாசிக்கக் கற்ற எவருடைய மூளையிலும், எந்த எழுத்து முறையாக இருந்தாலும், இடது அரைக்கோளத்தின் அடிப்புறத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் எழுத்துருக்களை அடையாளம் காணும் பகுதி ஒன்று அமைகிறது. அது சேதமடைந்தால், பேசவும் எழுதவும் முடிந்த ஒருவர் தாம் எழுதியதையே வாசிக்க முடியாமல் போகிறார். மாட்யூலுக்குச் சொல்லப்படும் அடையாளங்கள் பலவும் இங்கே உள்ளன. ஆனால் அது பிறப்பில் வந்ததல்ல, பயிற்சியால் விளைந்தது. தனித்தன்மை இருப்பதாலேயே ஒரு திறன் பிறவியிலேயே வந்தது என்று முடிவுகட்ட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

பேச்சு மொழி வாசிப்பைப் போன்றதல்ல என்று சிலர் மறுப்பார்கள். அது நியாயமான மறுப்பு. மூன்று மாதக் குழந்தை பேச்சைக் கேட்கும்போதே அதன் மூளையின் இடப்பக்கம் கூடுதலாகச் செயல்படுவதை 2002-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே குழந்தையின் மூளை வெற்றுப் பலகை அல்ல. அதில் சாய்வுகள் உண்டு. ஆனால் சாய்வு வேறு, கட்டி முடிக்கப்பட்ட மாட்யூல் வேறு. நான்கு முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகள் வாக்கியங்களைக் கேட்கும்போது இரு அரைக்கோளங்களுமே பங்கேற்கின்றன. வயது ஏற ஏற வலப்பக்கத்தின் பங்கு குறைகிறது. முதலில் சொன்ன குழந்தை பேச்சை இழக்காததன் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

இந்த விவாதத்தில் நான் மிகவும் மதிப்பவர் 2016-இல் மறைந்த குழந்தை வளர்ச்சி உளவியலாளர் அன்னெட் கார்மிலோஃப்-ஸ்மித். மாட்யூல் என்பது வளர்ச்சியின் தொடக்கமல்ல, விளைவு என்று அவர் வாதிட்டார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட முக்கியமான சான்று வில்லியம்ஸ் நோய்க்குறி. ஏழாம் குரோமோசோமின் ஒரு பிரதியில் 25-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இல்லாமல் போவதால் வரும் இந்நிலையில், வளர்ந்தவர்கள் சரளமாகப் பேசுகிறார்கள். ஆனால் ஒரு படத்தைப் பார்த்து வரையவும் எண்களைக் கையாளவும் மிகவும் தடுமாறுகிறார்கள். மொழி மாட்யூல் தப்பியது, எண் மாட்யூல் கெட்டது என்று இதற்கு விளக்கம் சொல்லப்பட்டது. 1999-இல் அவரும் சக ஆய்வாளர்களும் அதே நோய்க்குறி உள்ள சிறு குழந்தைகளைச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது. எண்ணிக்கை வேறுபாட்டை அவர்கள் நன்றாகவே உணர்ந்தார்கள். சொற்களை அறிவதிலோ டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளைப் போலவே பின்தங்கியிருந்தார்கள். வளர்ந்த நிலையில் நாம் காணும் ஏற்றத்தாழ்வு தொடக்கத்தில் அந்த வடிவில் இருக்கவே இல்லை.

ஒருமுறை ஒரு பயிற்சிக் கூட்டத்தில், மூன்று வயதாகியும் பேசாத குழந்தை ஒன்றைப் பற்றி, ‘மொழி மாட்யூல் மட்டும் வேலை செய்யவில்லை, மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது’ என்று சொல்லக் கேட்டேன். அந்த வாக்கியம் இன்றுவரை என்னை வருத்துகிறது. வளரும் மூளையில் ‘மற்றதெல்லாம்’ என்று தனியாகப் பிரித்து வைக்கத்தக்கது ஏதும் உண்டா? வில்லியம்ஸ் நோய்க்குறி உள்ள குழந்தைகள் முகங்களையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பொருளை விரலால் சுட்டிக்காட்டுவதும், பிறர் சுட்டும் திசையில் பார்ப்பதும் அவர்களுக்குத் தாமதமாகவே வருகின்றன. பெரியவர் ஒரு பொருளைக் காட்டிப் பெயர் சொல்லும் கணத்தில் குழந்தை அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், அந்தச் சொல் எதனோடு சேரும்? பேசாத குழந்தையின் மதிப்பீட்டில் அதன் பார்வை எங்கே போகிறது, யாருடைய விரலை அது பின்தொடர்கிறது, எந்த ஒலிகளைப் பிரித்தறிகிறது என்பவை முதல் ஆண்டிலிருந்தே பதிவு செய்யப்பட வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான். சொற்களின் எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொள்ளும் படிவத்தில் இவற்றுக்கு இடமே இல்லை.