மூக்குக்கண்ணாடிக் கூட்டில் பதினோரு மாத்திரைகள்

அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டில், துடைக்கும் துணிக்கு அடியில் பதினோரு மாத்திரைகள் கிடந்தன. எல்லாம் ஒரே மாதிரி, சின்னதாக வெள்ளை. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "எடுத்துக் கையில கொடுத்தாலும் போட மாட்டீங்களாப்பா?" என்று கத்திவிட்டேன். அவர் பதில் சொல்லாமல் கூட்டை வாங்கி மூடிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து அவராகவே சொன்னார். "அதைப் போட்டா ராத்திரி மூணு தடவை எந்திரிக்க வேண்டியிருக்கு. அன்னைக்கு பாத்ரூம் வாசல்ல வழுக்கிடுச்சு. நல்லவேளை கதவைப் பிடிச்சுக்கிட்டேன்."

அது நீர் மாத்திரை. கால் வீக்கத்துக்குக் கொடுத்தது. சீட்டில் தினம் ஒன்று என்று இருந்தது, எந்த வேளை என்று இல்லை. அப்பா எந்த மாத்திரையானாலும் படுக்கப் போகும் முன் போடுகிற ஆள். காலையில் போட்டிருந்தால் தொல்லை பகலோடு போயிருக்கும்.

சரி, கால் ஏன் வீங்கியது? மாத்திரை டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தபோது தெரிந்தது. ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் இரண்டு கம்பெனிப் பெயர்களில் இருந்தது. ஒன்று பழைய அட்டை, ஒன்று புது மருத்துவர் எழுதியது. நிறமும் வடிவமும் வேறு, அதனால் அப்பாவுக்கு அவை இரண்டு மருந்துகள். இரண்டையும் ஒழுங்காகப் போட்டு வந்திருக்கிறார். அம்லோடிபின் அளவு கூடினால் கணுக்கால் வீங்கும் என்பது தெரிந்த பக்கவிளைவுதான். ஆக, சொன்னதைத் தவறாமல் கேட்டதால் வீக்கம், வீக்கத்துக்கு இன்னொரு மாத்திரை, அந்த மாத்திரையால் வழுக்கல். கடைசியில் "வயசாயிடுச்சு, மறதி" என்ற பெயர் அவருக்கு. அவர் எதையும் மறக்கவில்லை. விழுந்து இடுப்பு உடைவதா, கால் வீங்குவதா என்று யோசித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

நீண்டநாள் நோய்களுக்கான மருந்தைச் சொன்னபடி எடுத்துக்கொள்வது வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாக 50 சதவீதம்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் சொன்னது. அத்தனை பேருக்கும் மறதியா என்ன?

அமெரிக்காவில் 395 நோயாளிகளை வைத்துச் செய்து 2006-இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். 'தினம் இரண்டு வேளை, வேளைக்கு இரண்டு மாத்திரை' என்கிற லேபிளை, வாசிப்புத் திறன் குறைந்தவர்களிலும் சுமார் 71 சதவீதம் பேர் சரியாகச் சொல்லிவிட்டார்கள். ஒரு நாளைக்கு எத்தனை, எண்ணிக் காட்டுங்கள் என்றபோது சரியாகக் காட்டியவர்கள் சுமார் 35 சதவீதம்தான். வாயால் சொல்வதற்கும் கையால் எடுப்பதற்கும் நடுவே இவ்வளவு பெரிய பள்ளம்.

அதனால்தான் "புரிஞ்சுதா?" என்ற கேள்வியே எனக்குப் பிடிப்பதில்லை. அதற்கு ஒரே பதில்தான் உண்டு, தலையாட்டல். புரியவில்லை என்று சொல்லிச் சின்னவர்கள் முன்னால் சிறுமைப்பட எந்தப் பெரியவர் விரும்புவார்? "நான் சரியா விளக்கினேனான்னு தெரியல, வீட்டுக்குப் போய் எப்படிப் போடுவீங்கன்னு ஒருதடவை சொல்லுங்க" என்று கேட்டால் பரீட்சை விளக்கியவருக்கு மாறிவிடும். செவிலியர், மருத்துவப் பயிற்சிகளில் இந்த முறையைச் சொல்லித்தான் தருகிறார்கள். நேரமில்லை என்பார்கள். இதற்கு ஒரு நிமிடம் போதும்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தானாக நிறுத்திவிட வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்றவற்றைத் திடீரென்று விட்டால் நெஞ்சுவலியே வரலாம். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருநாள் மட்டும் போட வேண்டியது. தினம் என்று நினைத்துப் போட்டு உயிரே போன சம்பவங்கள் உண்டு. ஒரு சொல் மாறினால் வருகிற வினை அது.

அப்புறம் அப்பாவை எல்லா மாத்திரைகளோடும் மருத்துவரிடம் கூட்டிப் போனேன். சீட்டை மட்டும் காட்டாமல் டப்பாவையே மேசையில் வைத்தோம். ஒரு அம்லோடிபின் போனது. சில வாரத்தில் வீக்கம் வடிந்ததும் நீர் மாத்திரையும் போனது.

வீட்டில் பெரிய எழுத்தில் ஒரு தாள் எழுதி ஒட்டினேன். எந்த மாத்திரை, எப்போது, எதற்கு. எதற்கு என்ற இடத்தில் நான் 'உயர் ரத்த அழுத்தம்', 'கொழுப்புச்சத்துக் கட்டுப்பாடு' என்று அழகாக எழுதியிருந்தேன். மறுநாள் பார்த்தால் பேனாவால் அடித்துவிட்டு, கோணல் எழுத்தில் 'பி.பி.', 'நெஞ்சு அடைக்காம இருக்க' என்று எழுதியிருந்தார்.