பஸ்ஸுக்கும் படகுக்கும் நடுவில் நாங்கள்

எங்கள் ஊர் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவான நெடுந்தீவு என்றதும் "கடலில் போகப் பயமில்லையா?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். கடலோடு எங்களுக்கு ஒரு சண்டையும் இல்லை. புங்குடுதீவில் படகு ஏறும் துறையான குறிகாட்டுவானிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டம், சோளகக் காற்று அடித்தால் நனைவோம், சத்தி எடுப்போம், அதெல்லாம் பழகியது. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் போன எங்கள் சனத்தை நடுக்கடலில் வெட்டிக் கொன்றார்கள், அதற்குப் பிறகும் இதே கடலில்தான் போய் வருகிறோம். எனக்கு வயிறு எரிவது குறிகாட்டுவானுக்கு வந்து சேர்வதற்குள் படுகிற பாட்டை நினைத்துத்தான்.

யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, பண்ணைப் பாலமும் வேலணையும் தாண்டி, புங்குடுதீவுக்குப் போகிற பாலத்தில் ஏறினால் இரண்டு பக்கமும் கடல், நடுவில் குழி. எத்தனை வருஷமாக ஒட்டுப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்! பஸ் ஊர்ந்து போய்ச் சேரும்போது படகு கயிறு அவிழ்த்துப் போய்விட்டிருக்கும். நயினாதீவுக்குப் போகிறவருக்கு அடுத்த படகு கொஞ்ச நேரத்தில் வரும். எங்களுக்குக் காலைப் படகு போனால் பாதி நாள் போச்சு.

திரும்பி வருவது இதைவிடக் கொடுமை. ஊரில் ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆனால் வருத்தம் கொஞ்சம் பெரிதென்றால் யாழ்ப்பாணம்தான். அங்கே கிளினிக் வரிசையில் நின்று, மருந்து வாங்கி, பஸ் பிடித்து ஓடிவருகிற வயதான அம்மா கடைசிப் படகைத் தவறவிட்டால் அந்த இரவு எங்கே படுப்பார்? அந்த நேர அட்டவணையைப் போட்டவர்களில் ஒருவராவது இதை யோசித்திருப்பாரா?

சனி, ஞாயிறு என்றால் இன்னும் மோசம். குதிரையையும் பெருக்குமரத்தையும் கோட்டையையும் பார்க்க வருகிறவர்கள் தாராளமாக வரட்டும், நல்ல விஷயம்தான். ஆனால் அரிசி மூட்டையோடும் கைக்குழந்தையோடும் ஊர்ச்சனம் துறையில் நிற்க, படகு நிறைந்துவிட்டது என்று கை காட்டுவது எந்த ஊர் நியாயம்? அது எங்களுக்குச் சுற்றுலா இல்லை, வீட்டுக்குப் போகிற வழி.

அப்புறம், காற்று கூடினால் படகை நிறுத்துவார்கள். சரி, உயிர் முக்கியம், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அதை யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் ஒரு பலகையில் எழுதிவைக்க என்ன செலவு? அவ்வளவு தூரம் குலுங்கிக்கொண்டு வந்து, துறையில் இறங்கிய பிறகுதான் "இன்றைக்குப் படகு ஓடாது" என்று கேட்க வேண்டுமா?

புதுப் பாலமோ புதுக் கப்பலோ நான் கேட்கவில்லை. காலை பஸ் வந்து சேர்ந்த பிறகு படகை எடுங்கள், கடைசிப் படகு கடைசி பஸ்ஸுக்காகக் காத்திருக்கட்டும், ஊர்ச்சனத்தை முதலில் ஏற்றுங்கள். பஸ் தரப்பும் படகுத் தரப்பும் ஒருநாள் ஒரு மேசையில் உட்கார்ந்தால் முடிகிற வேலை இது, இதைக்கூடச் செய்யாமல் இருப்பதுதான் தாங்க முடியவில்லை.