டிபேட்ல ஜெயிச்சவங்க தேர்தல்ல ஏன் தோத்தாங்க?

வெளிநாட்டுல இருந்து வந்து குடியேறினவங்க ஊர்க்காரங்க வளக்கற நாயையும் பூனையையும் திங்கறாங்கன்னு அதிபர் தேர்தல் டிபேட்ல சொன்ன டிரம்புக்குப் போய் ஓட்டுப் போட்டிருக்கானுங்களே, அமெரிக்கக்காரனுக்கு அறிவே இல்லன்னு நம்ம ஆளுங்க இன்னும் எழுதிட்டுதான் இருக்காங்க. பென்சில்வேனியாவுல ஓட்டுப் போட்டவன் நான், இதைப் படிக்கும்போதெல்லாம் கோவம் வருது. நான் போட்டது எதிர்த்து நின்ன கமலா ஹாரிஸுக்குத்தான், ஆனாலும் கோவம் வருது.

அந்த டிபேட் நடந்தது 2024 செப்டம்பர் 10, பிலடெல்பியாவுல. முதல் கேள்வியே பொருளாதாரம்தான். நாலு வருஷத்துக்கு முன்னாடி இருந்ததை விட இப்ப மக்கள் நல்லா இருக்காங்கன்னு நினைக்கிறீங்களான்னு டிபேட்டை நடத்துன ஏபிசி டிவிக்காரர் டேவிட் மியூர் கமலாகிட்ட நேராவே கேட்டார். ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. நான் மிடில் கிளாஸ்ல வளந்தவன்னு ஆரம்பிச்சு, குழந்தை பொறந்தா 6,000 டாலர் வரிச்சலுகை, சின்னதா தொழில் ஆரம்பிச்சா 50,000 டாலர் வரிக்கழிவுன்னு போயிட்டாங்க. திட்டம் நல்ல திட்டம்தான், ஆனா யாருக்கு?

எங்க அபார்ட்மென்ட்ல வேர்ஹவுஸ் நைட் ஷிப்ட் பாக்கற ஒருத்தர் இருக்கார், மறுநாள் மெயில் பாக்ஸ் கிட்ட பாத்தேன், கையில வாடகை ஏத்தி வந்த லெட்டர். நேத்து டிபேட் பாத்தீங்களான்னு கேட்டேன். அந்தம்மா நல்லா பேசுச்சு, அந்தாளை நல்லா மடக்குச்சு, ஆனா இந்த லெட்டரைப் பத்தி எதுவும் சொல்லலையேன்னார். அதே நாள் ஆகஸ்ட் மாச விலைவாசி கணக்கு வந்துச்சு, ஒரு வருஷத்துல விலை 2.5 சதவீதம் ஏறியிருக்குன்னு. 2022 ஜூன்ல 9.1 இருந்தது இவ்ளோ இறங்கிடுச்சேன்னு டிவியில ஒரே சந்தோஷம். இறங்கினது விலை இல்லீங்க, விலை ஏறுற வேகம். 2021-ல இருந்து ஏறுன கிட்டத்தட்ட 20 சதவீதம் அப்படியே தலைமேலதான் நிக்குது, சம்பளக்காரன் கடையில பாக்கறது அந்த விலையத்தான்.

சிஎன்என் அன்னிக்கு ராத்திரியே டிபேட் பாத்த வாக்காளர்கள்கிட்ட கேட்டுது. யாரு ஜெயிச்சதுன்னதுக்கு கமலான்னவங்க 63 சதவீதம், டிரம்ப்னவங்க 37. பொருளாதாரத்தை யாரு நல்லா பாத்துப்பாங்கன்னதுக்கு டிரம்ப் 55, கமலா 35. ஒரே ஆளுங்க, ஒரே ராத்திரி! அதாவது ஜனங்க முட்டாளா இருந்து டிரம்ப் நல்லா பேசினார்னு நம்பல, மோசமா பேசினார்னு பாத்துட்டுத்தான் பர்ஸை அவர்கிட்ட குடுக்கலாம்னு நினைச்சிருக்காங்க. கஷ்டப்படறீங்கன்னு சொன்னது அவர் ஒருத்தர்தான், விலைவாசி மோசம் மோசம்னு சொல்லிட்டே இருந்தார். நவம்பர்ல எங்க மாநிலமும் அவர் பக்கம் போயிடுச்சு.

அதுக்காக அவர் சொன்னதெல்லாம் சரின்னு சொல்ல வரல. டாரிஃப், அதாவது இறக்குமதி வரி, போட்டா விலை ஏறுமேன்னு அதே மேடையில கேட்டாங்க, ஏறாது, சீனாவும் மத்த நாடுகளும்தான் கட்டும்னார். அது தப்பு. இறக்குமதி செய்யற கம்பெனிதான் துறைமுகத்துல அந்த வரியக் கட்டுது, அப்புறம் அது கடைக்காரன் தலையில, கடைசில நம்ம தலையில. 2025 ஆகஸ்ட்ல இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரைக்கும் போட்டப்ப இந்தியன் ஸ்டோர்ல பொன்னி அரிசி மூட்டைய தூக்கி விலைய பாத்துட்டு திரும்ப வெச்சுட்டுப் போனவங்கள நான் பாத்திருக்கேன். இதை பாமர ஜனங்களுக்குப் புரியற மாதிரி அந்த மேடையில யாராவது ரெண்டு நிமிஷம் உக்காந்து விளக்கியிருக்கணும். கமலா அதை சேல்ஸ் டாக்ஸ்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிட்டாங்க.

விலை இப்படி ஏற, இங்க பென்சில்வேனியாவுல குறைஞ்சபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர்தான், 2009-ல நாடு முழுக்க வெச்சது, ஒரு காசு கூட ஏறல. அடுத்த தடவை எந்த வேட்பாளர் வந்தாலும் முதல் கேள்வியா இதைக் கேளுங்க, எவ்ளோ ஏத்துவீங்க, எந்த வருஷம் ஏத்துவீங்கன்னு. நம்பர் சொல்ற வரைக்கும் மைக்கை அடுத்தவருக்குக் குடுக்காதீங்க.