உருட்டுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா

இந்த உருளும் கத்தி ஷார்ப்பனர் விளம்பரத்தைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. காந்தக் கட்டையில் கத்தியை ஒட்டு, ஒரு முனையில் வைரத் தகடு பதித்த உருளையை முன்னும் பின்னும் நாலு தடவை தள்ளு, ஒரு தாளைப் பிடித்துச் சர்ரென்று வெட்டிக் காட்டு, முடிந்தது வேலை. தாளை வைத்துத்தான் கூர் பார்க்கிறார்களாம்! தீட்டும்போது ஓரத்தில் எழும் மெல்லிய உலோகப் பிசிறு தொங்கிக்கொண்டிருக்கும் கத்தியும் தாளை வெட்டும் ஐயா. அந்தப் பிசிறு மடங்கி, மறுநாள் தக்காளித் தோலில் கத்தி வழுக்கும்போது விளம்பரக்காரரா வந்து நிற்பார்?

கத்தியை எந்தச் சாய்வில் தேய்ப்பது என்ற கோணத்தைப் பிடிப்பதுதான் கஷ்டம், அதை நாங்கள் தீர்த்துவிட்டோம் என்பது இவர்கள் கதை. சரி, கட்டையில் பெரும்பாலும் இருப்பது 15 டிகிரி, 20 டிகிரி, அவ்வளவுதான். கத்தி வரும்போதே 20-இல் தீட்டியிருந்தால், அதை 15-இல் வைத்து உருட்டும்போது வைரத் தகடு விளிம்பை நோக்கி இறங்கும் சரிவின் மேற்பகுதியைத்தான் தேய்க்கும், விளிம்புக்கு வந்து சேரவே நெடுநேரம் ஆகும், அதற்குள் கை வலித்துப் பாதியில் விட்டால் கத்தி பளபளவென்று இருக்கும், வெட்டு மட்டும் அதே பழைய வெட்டு. விளிம்பில் மார்க்கரால் கோடு போட்டு இரண்டு தள்ளு தள்ளினால் மை எங்கே அழிகிறது என்று தெரிந்துவிடும். இந்த ஒரு வரியைக் கையேட்டில் அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்?

ஒரு பக்கம் முழுக்கப் பிசிறு எழும்பும் வரை தேய்க்க வேண்டும், அப்புறம் மறுபக்கம், கடைசியில் அந்தப் பிசிறையும் எடுக்க வேண்டும். கல்லோ உருளையோ, எதில் தீட்டினாலும் இதுதான் வேலையே. இவர்களோ "ஒவ்வொரு பக்கமும் சில முறை உருட்டவும்" என்று போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொள்கிறார்கள். சில முறை என்றால் எத்தனை? மொக்கைக் கத்திக்கும் லேசாக மழுங்கிய கத்திக்கும் ஒரே கணக்கா?

சின்னக் கத்தியை ஒட்டினால் விளிம்பு கட்டையைத் தாண்டி வெளியே வருவதே இல்லை, அடியில் ஏதாவது வைத்து உயர்த்த வேண்டும். பீங்கான் கத்தி காந்தத்தில் ஒட்டவே ஒட்டாது. மேசை கொஞ்சம் வழுவழுப்பாக இருந்தால் கட்டையும் சேர்ந்து நகரும், கூரான பக்கம் மேலே பார்த்தபடி! இதையெல்லாம் எந்த வீடியோவில் காட்டினார்கள்?

உருளையின் மறுமுனையில் இருக்கும் எஃகுத் தகடு மெருகேற்றுமாம். பழைய தோல் பெல்ட்டில் நாலு இழுப்பு இழுத்தால் பிசிறு இதைவிட நன்றாகப் போகும். இல்லை, உருளையிலேயே மெருகு வேண்டும் என்றால் அதற்கு நைஸ் தகடு இருக்கிறதாம், தனியாகக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.