ஹை லெவல் ஸ்டேஷனைக் கொன்றது தீ அல்ல

தெற்கு லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் பற்றிப் பேச்சு வந்தாலே, "மாளிகை எரிந்தது, அதோடு ஹை லெவல் ஸ்டேஷனும் போச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 1936 நவம்பர் 30 இரவு கண்ணாடி மாளிகை எரிந்தது உண்மைதான். ஆனால் மாளிகைக்கு எதிரே இருந்த அந்த ரயில் ஸ்டேஷனை மூடியது 1954 செப்டம்பரில். நடுவில் பதினெட்டு வருஷம் இருக்கிறதே! என்னைக் கேட்டால், அதற்குச் சனி பிடித்தது திறந்த அன்றைக்கே, 1865 ஆகஸ்டில்.

லண்டன் ஹைட் பார்க்கில் 1851இல் நடந்த பெரிய கண்காட்சிக்குக் கட்டிய மாளிகையைப் பிரித்துக் கொண்டுவந்து, சிடன்ஹாம் குன்றின் மேல் இன்னும் பெரிதாக எழுப்பி 1854இல் திறந்தார்கள். அதே வருஷம் குன்றின் சரிவில் ஒரு ஸ்டேஷனும் வந்துவிட்டது. இறங்கி மேடேற வேண்டும், அவ்வளவுதான். எதிர்க் கம்பெனி சும்மா இருக்குமா? லண்டன் சாத்தம் டோவர் ரயில்வே தரப்பு, நன்ஹெட்டிலிருந்து தனியாக ஒரு கிளைப் பாதை போட்டு, குன்றைக் குடைந்து, மாளிகைக்கு நேர் எதிரே இரண்டாவது ஸ்டேஷனைக் கட்டியது. அதுதான் ஹை லெவல். ஊருக்குத் தேவை என்று போட்ட பாதை அல்ல அது, போட்டிக்குப் போட்டது.

போட்டிக்கென்றாலும் கஞ்சத்தனம் இல்லை. எட்வர்ட் மிடில்டன் பேரி வரைந்த கட்டடம் அது. சாலைக்கு அடியில் மாளிகைக்குப் போக ஒரு சுரங்க நடைபாதை. முதல் வகுப்புப் பயணிகளுக்கென்றே கட்டியது என்பார்கள். இப்போது முக்கியமாக மிஞ்சியிருப்பது அதுதான். பழுதுபார்த்து 2024இல் திறந்த பிறகு போய்ப் பார்த்தேன். எட்டுப் பட்டைத் தூண்கள். சிவப்பும் சந்தன நிறமுமாகச் செங்கல் மாறி மாறி மேலேறி, விரித்த குடைக்குள் நிற்பது போல உச்சியில் பரந்து கூடுகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜனங்கள் குண்டுவீச்சுக்குப் பயந்து ஒதுங்கியதும் இங்கேதான்.

இதே கிளைப் பாதையில் இருந்த லார்ட்ஷிப் லேன் ஸ்டேஷனை ஓவியர் பிஸாரோ 1871இல் வரைந்திருக்கிறார். பிரான்ஸில் போர் மூண்டதால் லண்டனுக்கு வந்து தங்கியிருந்த நேரம். படத்தில் ரயில் வருகிறது, இருபுறமும் புல் சரிவு, ஆள் ஒருவர்கூட இல்லை. என் வாதத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? வீடுகள் நெருங்குவதற்கு முன்பே ரயில் வந்துவிட்டது. இங்கிலாந்தின் கால்பந்துக் கோப்பை இறுதியாட்டம் 1895 முதல் 1914 வரை கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் நடந்தபோது கூட்டம் சில வருஷம் லட்சத்தைத் தாண்டும். ஆனால் வருஷத்துக்கு ஒரு திருவிழாவை நம்பி ரயில் விட முடியுமா?

1925இல் மின்சார ரயில் விட்டுப் பார்த்தார்கள். இரண்டு உலகப் போரிலும் பாதை சில காலம் மூடிக் கிடந்தது. கடைசியில், ஆளில்லை என்று 1954இல் இழுத்து மூடினார்கள். சரி, அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. ஆளில்லாத ரயிலை எத்தனை நாள் ஓட்டுவது?

எனக்குக் கோபம் அதற்கு அப்புறம் நடந்ததில். 1961இல் ஸ்டேஷனை இடித்தார்கள். பாதை போன இடத்தில் குடியிருப்புகள் எழும்பின. சிடன்ஹாம் ஹில் காட்டுக்குள் இருப்பது போன்ற சில துண்டுகள்தான் நடைபாதையாகத் தப்பின. நகரத்துக்குள் இப்படியொரு நீண்ட கீற்று நிலம் இனி எவ்வளவு பணம் கொடுத்தாலும் கிடைக்குமா? வீடு தேவைதான், மறுக்கவில்லை. அதற்காகத் தண்டவாளம் போன தடத்தையா துண்டு போடுவது?

தோற்றுப்போகும் என்று எதிர்க் கம்பெனி நினைத்த சரிவு ஸ்டேஷனுக்கு 2010இல் ஓவர்கிரவுண்ட் என்ற நகர ரயில் சேவை வந்து சேர்ந்தது. அங்கே தண்டவாளம் அப்படியே இருந்ததால் முடிந்தது. லார்ட்ஷிப் லேனில் பழைய ஸ்டேஷன் இருந்த பக்கம் குடியிருப்பவர்கள் ரயில் பிடிக்க ஃபாரஸ்ட் ஹில் வரை நடக்க வேண்டும், இல்லையென்றால் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும்.