தலைவர் விலகியவுடன் நிதி திரும்பவில்லை

'தலைமைச் செயல் அதிகாரி விலகியதுமே கனடா அரசு ஹாக்கி கனடாவுக்குப் (அந்நாட்டின் பனி ஹாக்கி விளையாட்டை நிர்வகிக்கும் தேசிய அமைப்பு) பணத்தைத் திருப்பித் தந்துவிட்டது' என்று சொல்லப்படுவது சரியன்று. பாலியல் வன்முறைப் புகார் ஒன்றை அந்த அமைப்பு சமரசத் தொகை கொடுத்து முடித்துவைத்தது தெரியவந்ததும், 2022 ஜூனில் அரசு நிதி நிறுத்தப்பட்டது. அந்த அக்டோபரில் தலைமைச் செயல் அதிகாரி ஸ்காட் ஸ்மித்தும் இயக்குநர் குழு முழுவதும் விலகியபோதும் அரசு காத்திருந்து, டிசம்பரில் புதிய குழு தேர்வான பின்னரும் மாதங்கள் கடந்து, 2023 ஏப்ரலில்தான் நிபந்தனைகளுடன் நிதியை மீட்டளித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி தாமஸ் குரோம்வெலின் நிர்வாகச் சீர்திருத்தப் பரிந்துரைகளை நிறைவேற்றுவது அவற்றுள் முக்கியமானது. விளம்பரதாரர்கள் கதை வேறு: கனேடியன் டயர் நிறுவனம் 2022 அக்டோபரிலேயே உறவை நிரந்தரமாக முறித்துக்கொண்டது. மேலும், சமரசத் தொகைகளுக்குப் பயன்பட்ட ஹாக்கி கனடாவின் சிறப்பு நிதியில் சேர்ந்தது, பெற்றோர் கட்டிய வீரர் பதிவுக் கட்டணமும்தான்.