பழைய பத்திரங்களையும் பாருங்கள்

வம்சாவளி தேட குலதெய்வக் கோயிலில் இருந்து தொடங்கலாம் என்று கட்டுரையில் சொல்லியிருப்பது சரி. அப்புறம் நிலம் விற்று வாங்கிய பழைய கிரயப் பத்திரங்களையும் எடுத்துப் பாருங்கள். திருமங்கலம் பக்கம் எங்கள் சித்தப்பா, பார்க்கிற உறவுக்காரர்களிடம் எல்லாம் பாட்டன் பெயரைக் கேட்டுக் கேட்டு எனக்கும் ஆசையைக் கிளப்பிவிட்டார். பத்திரத்தில் எழுதிக்கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்கும் அப்பா பெயரும் ஊரும் இருக்கும். நிலத்தின் நாலு பக்கமும் என்ன இருக்கிறது என்று சொல்லும் நான்கெல்லை விவரத்தில் பக்கத்து நிலத்துக்காரர் பெயர் வரும். எங்களுக்கு அவர் பங்காளிதான். பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பதால் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும், வருடத்தைக் குறிக்காவிட்டால் குழம்பிவிடும். திண்டுக்கல் பக்கத்து ஆட்களும் பழைய பத்திரங்களை மதுரை மாவட்டம் என்று தேடுங்கள், 1985-இல்தான் திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. பெண் எடுத்த ஊர், கொடுத்த ஊரை மட்டும் அப்பத்தாக்களிடம் இப்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.